தூர் வாரிய லட்சணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மழைநீர் வடிகால்கள் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளியான செய்தியில், அடைப்புகளுக்குப் பொதுமக்களின் பொறுப்பின்மையே காரணம் என்று ஓர் அதிகாரி கூறியிருந்தார். மறுகேள்வி ஒன்றுகூடக் கேட்காமல் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்த தங்கள் நிருபரின் பணிவு மெச்சத்தக்கது.

பொதுமக்கள் யோக்கியர்கள் என்று நான் வாதாட வரவில்லை. 1-1-2019 முதல் தடையிலுள்ள பிளாஸ்டிக் பையில்தான் எங்கள் தெருமுனைக் கடையில் இன்றும் சாம்பார் கட்டித் தருகிறார்கள்; நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால், புரட்டாசியில் எங்கள் தெரு வடிகாலைத் தூர் வாரியவர்கள் அள்ளிய சகதியை வடிகால் மூடியின் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனார்கள். பதினொரு நாள் அது அங்கேயே காய்ந்தது. பன்னிரண்டாம் நாள் இரவு பெய்த மழை அத்தனையையும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. இதில் பொதுமக்களின் பங்கு, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தது மட்டுமே.

வடிகாலுக்குள் நீர் இறங்குமுன் மண்ணும் குப்பையும் தங்குவதற்கென்றே வண்டல் வடிகட்டித் தொட்டிகள் கட்டப்படுவதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் தெருவில் அவை மூன்று. சாலை போட்டவர்கள் ஒன்றின் வாயைத் தாரால் மூடிவிட்டார்கள். (பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் என் வீட்டு வாசற்படிகள் இரண்டு புதைந்துபோன கதை வேறு.) மற்ற இரண்டும் மண்மேடாகிவிட்டன, ஒன்றில் எருக்கஞ்செடி முளைத்திருக்கிறது. சித்திரை வெயிலிலும் அந்த வடிகாலில் நீர் ஓடுகிறதே, அது எந்த மழையின் நீர்? கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக இணைத்தவர் யார் என்பது தெருவுக்கே தெரியும். மனு கொடுத்த எனக்கு ரசீது கிடைத்தது. 2015 டிசம்பரில் இடுப்பளவு நீரில் நின்றபோதும் இதே பொறுப்பின்மையைத்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

கோடை முழுவதும் சாலையில் படிந்த எஞ்சின் எண்ணெயும் டயர் தேய்ந்த தூளும் முதல் மழையில்தான் பெருமளவு அடித்துச் செல்லப்படுகின்றன; அவற்றில் கணிசமான பங்கு நுண்ணிய வண்டலோடு ஒட்டிக்கொண்டு போகிறது. கூவத்தின் குறுக்கே மிதக்கவிடும் தடுப்பு பாட்டில்களைப் பிடிக்கும், இந்தத் தூளைப் பிடிக்காது. தெருவிலேயே தொட்டியில் நிறுத்தாவிட்டால், அது நேப்பியர் பாலத்தைத் தாண்டிக் கடலுக்குத்தான் போகும்.

ஆகவே, அம்மூன்று தொட்டிகளையும் திறந்து மண்ணை அள்ளி, அள்ளிய அன்றே லாரியில் ஏற்றிச் செல்லுமாறு உரியவர்களைத் தங்கள் இதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எருக்கஞ்செடியைப் பிடுங்கும் பொறுப்பை வேண்டுமானால் பொதுமக்களில் ஒருவனான நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
நாற்பதாண்டு வாசகன்,
சென்னை.