வெடிக்கு நடுங்கும் நாய்க்குத் தயிர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி நெருங்கினால் மட்டக்களப்பில் சீனவெடிச் சத்தம் தொடங்கிவிடும். காதைப் பின்னே மடித்து, வாலைக் காலிடுக்கில் சொருகி, கட்டிலுக்கடியில் மூச்சிரைக்கும் நாய்க்குத் தயிர் கொடுத்தால் பயம் தெளியும் என்பார்கள். அதில் பாதி உண்மை: தயிரில் பற்றீரியா உண்டு, குடல் பற்றீரியாவுக்கும் பயத்துக்கும் தொடர்பும் உண்டு.

2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில், குடலில் பற்றீரியாவே இல்லாமல் வளர்ந்த சுண்டெலிகளை அசையவிடாமல் அடைத்தபோது, மன அழுத்த ஓமோன் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சுரந்தது. 2011இல் அயர்லாந்து, கனடா ஆய்வாளர்கள் லக்டோபசிலஸ் ரம்னோசஸ் என்ற நல்ல பற்றீரியாவின் வகையொன்றை 28 நாள் ஊட்டிய சுண்டெலிகளுக்குப் பதற்றம் குறைந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டியவற்றில் அந்தப் பலன் இல்லை.

28 நாள் என்பதைக் கவனியுங்கள். வெடி கொளுத்தும் அன்று காலையில் ஒரு கோப்பை தயிர் வைத்தால் வயிற்றோட்டம்தான் மிச்சம். நம்மூர் எருமைத் தயிரில் கொழுப்பும் கூட. 10 கிலோ நாய்க்கு முதல் மூன்று நாளும் ஒரு தேக்கரண்டி, பிறகு நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். சீனியோ பாணியோ வேண்டாம். சுடுசோற்றில் பிசையவே கூடாது, அந்தச் சூட்டில் பற்றீரியா செத்துவிடும். சோறு நன்றாக ஆறட்டும். தயிர்ப் பற்றீரியா குடலில் தங்கி வளர்வதில்லை. நிறுத்தினால் சில நாளில் போய்விடும். ஆய்வில் ஊட்டிய வகையும் நம் சட்டித் தயிரில் இருப்பதும் ஒன்றல்ல என்பதால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. ஆகவே தயிர் துணை உணவு, மருந்தல்ல.

குடலைக் குழப்புவது பெரும்பாலும் நாமே. தீனியை ஒரே நாளில் மாற்றாமல் ஏழு நாளில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக் குளிசையை வைத்தியரைக் கேளாமல் கொடுப்பது நல்ல பற்றீரியாவையும் அழிக்கும். கறிக் குழம்பில் கிடக்கும் வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களையே சிதைக்கும்.

சாதுவான நாய் திடீரென்று சீறினால், வாயில் நீர் வடிந்தால், தயிரைத் தேடக் கூடாது. அது விசர் நோயாக இருக்கலாம். கிட்டப் போகாமல் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள்.

வெடிக்கும் நாளில் பொழுது சாயுமுன் நாயை நடத்திக்கொண்டு வந்து, யன்னல் சாத்திய அறையில் வானொலியைப் போட்டு விடுங்கள். பயந்து ஒட்டிக்கொண்டால் தடவிக் கொடுக்கலாம், அதனால் பயம் அதிகரிக்காது. கட்டிப்போட்டால் அறுத்துக்கொண்டு ஓடி வீதியில் அடிபடும்.

கோயில் நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள்: திருவிழாவில் வெடி கொளுத்தும் நேரத்தை ஒரு மணித்தியாலம் முந்தி ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். நாயை உள்ளே கொண்டுபோக அவ்வளவு நேரம் போதும்.

மிருக வைத்தியத் துறையினர் இருவர்,
களுவாஞ்சிகுடி.