பெயிண்ட் அடிக்கப் போன கார்

செங்கோட்டை
ஆனி மாசக் கடைசி

அன்புள்ள சண்முகம்,

எட்டு மாசமா ஒரு வரி எழுதலேன்னு நீ திட்டினது நியாயம். போன்ல பேசுறதெல்லாம் கணக்குல சேராதுன்னு சட்டம் போட்டவன் நீ. இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் காதுதான் பாதி, வாய் முழுசா இருக்கு. பேத்திக்குக் காது குத்தியாச்சு. சாரல் நல்லா விழுது. குற்றாலத்துல வெளியூர்க் கூட்டம், நம்ம ஆளுக எவனும் அந்தப் பக்கமே போறதில்ல. மதினி மூட்டுவலி எப்படி இருக்கு? விசாரிப்பு முடிஞ்சுது. இனி விஷயம்.

அப்பாவோட அம்பாசடர் காரைப் பிரிச்சேன்.

"அந்தத் தகரத்தை இன்னுமா விக்கல?"ன்னு நீ கேட்பே. போன வருஷம் ஒருத்தன் வந்து எண்பதாயிரம் தாரேன்னான். அம்பாசடர்ங்கிற பேரை மட்டும் 2017-ல 80 கோடிக்கு வித்தாங்க. காரே செய்யாத வெறும் பேருக்கு 80 கோடி, ஓடுற காருக்கு எண்பதாயிரமா? போடேன்னு அனுப்பிட்டேன். ஆனா மார்கழியில இருந்தே அது சரியில்ல. பின்னால நீலப்புகை. தென்காசி போயிட்டு வந்தா கால் லிட்டர் ஆயில் காணோம். ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா உள்ள யாரோ சுத்தியலால தட்டுற மாதிரி டக்கு டக்குன்னு ஒரு சத்தம்.

இங்க ரெண்டு இடத்துல காட்டினேன். ரெண்டு பேரும் ஒரே பாட்டுத்தான்: "எஞ்சினை இறக்கணும், இல்லேன்னா வேற எஞ்சின் வச்சிருவோம்." வேற எஞ்சின் வச்சா ஆர்.சி. புக்குல எஞ்சின் நம்பர் மாத்தணும். இந்த 78 மாடலுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க ரெனியூவல் எடுக்கிறதுக்கே என் நாக்கு தள்ளுது. இறக்கலாம்னாலும் செயின் பிளாக் எதுல மாட்ட? நம்ம ஷெட்டு உத்தரம் பாதி கரையான் தின்னது. எஞ்சினைத் தூக்கினா உத்தரம்தான் இறங்கும்.

அப்பத்தான் புனலூர்ல இருந்து ஒரு மெக்கானிக் ஆசான் கிடைச்சார். எழுபது வயசு, பாதி மலையாளம் பாதி தமிழ். வந்ததும் பானெட்டைத் திறக்கல. ஒரு டீ குடிச்சார். அப்புறம் ஓடுற எஞ்சின்ல பிளக் வயரை ஒவ்வொண்ணா உருவினார். மூணாவதை உருவினதும் தட்டல் சத்தம் அடங்கிப்போச்சு. சிலிண்டர் அழுத்தம் பார்க்கிற கம்ப்ரஷன் கேஜை வச்சா மத்த மூணும் நூத்திப் பத்துக்கு மேல, மூணாவது எழுபது. பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தார், தொண்ணூத்தஞ்சு ஏறிச்சு. "ரிங்கு போயி. வால்வானா எண்ண ஒழிச்சாலும் ஏறில்லா"ன்னார். பிஸ்டன் ரிங் போச்சு, வால்வு கோளாறுன்னா எண்ணெய் ஊத்தினாலும் ஏறாதாம். இறக்கணுமான்னு கேட்டேன். மேல மூடி மாதிரி இருக்கிற ஹெட், கீழ ஆயில் நிக்கிற சம்ப், ரெண்டையும் கழட்டினா பிஸ்டன் மேல வழியா வந்துரும், ஆனா பிஸ்டன் சுத்திவிடுற தண்டு, அந்தக் கிராங்க் தேஞ்சிருந்தா இறக்கியே ஆகணும், அதை இங்க வச்சு ஒண்ணும் செய்ய முடியாதுன்னு முதல்லயே சொல்லிட்டார். அந்த நேர்மைக்காகவே ஒத்துக்கிட்டேன்.

டே, அறுபது வயசுல காருக்கு அடியில மல்லாக்கப் படுத்துப் பாரு. மூக்குக் கண்ணாடியில ஆயில் சொட்டும், எது நட்டு எது நிழல்னு தெரியாது. ஆனா சொல்றேன், இந்தப் பதினெட்டு நாள் மாதிரி நான் சந்தோஷமா இருந்து ரொம்ப காலமாச்சு. ரிட்டயர் ஆன பிறகு ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்தது இப்பத்தான்.

ராக்கர் நட்டுல கை வைக்கப் போனேன், ஆசான் கையைத் தட்டிவிட்டார். அதுல நாலு நட்டு ஹெட்டையும் சேர்த்துப் பிடிச்சிருக்காம். தண்ணியை வடிக்காம, முறை பார்க்காம கழட்டினா ஹெட் வளைஞ்சிரும். புஷ் ராடு எட்டையும் ஒரு அட்டையில ஓட்டை போட்டு நம்பர் எழுதிச் சொருகி வச்சேன். ஹெட்டை ரெண்டு பேரா தூக்கி அம்மாவோட அம்மிக்குப் பக்கத்துல வச்சோம். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டெல்லாம் உள்ளே இறங்கிக் கிடந்தது. 2000-ல பெட்ரோல்ல ஈயத்தை நிறுத்தினாங்க பாரு, அந்தப் பழைய சீட்டுக்கு ஈயம்தான் மெத்தை. தென்காசி லேத்துல கெட்டி சீட் அடிச்சு வாங்கினேன். இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்னுருதுன்னு பம்ப் டயாபிரமும் ஓஸும் மாத்தியாச்சு.

சிலிண்டர் மேல் விளிம்புல ரிங் போகாத இடம் மட்டும் தேயாம ஒரு படி மாதிரி நிக்கும். அதைச் சீவாம பிஸ்டனைத் தள்ளினா ரிங் இருக்கிற பள்ளமே உடைஞ்சிருமாம். ஆசான் அரை நாள் அதைத்தான் சீவினார். பீடி கூடப் பத்த வைக்கல. அப்புறம் கனெக்டிங் ராடு. கீழ் முனையை நேரா வெட்டாம சாய்வா வெட்டியிருக்கான். நேரா இருந்தா அந்த அகலம் சிலிண்டர் வழியா மேல வராது. வெள்ளைக்காரன் வரைபடம் போடும்போதே, இதை இறக்காம பிரிக்க ஒருத்தன் வருவான்னு நினைச்சிருக்கான் பாரு.

சம்ப்பைக் கழட்டினதும் நம்ம பித்தளை ஒட்டைப் பார்த்தேன். அப்படியே இருக்கு. 86-ல கழுதுருட்டி ரோட்டுல கல்லு இடிச்சு ஓட்டையான இடம். நீ பார் சோப்பைத் தேச்சதும், ஆயிலுக்குப் பதிலா ஊத்த அந்தப் பெட்டிக்கடையில ரெண்டு பாட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கினதும் ஞாபகம் வந்து காருக்கு அடியிலேயே சிரிச்சேன். ஆசான் எனக்கு ஏதோ ஆயிருச்சுன்னு குனிஞ்சு பார்த்தார். புளியறை இறக்கத்துல சத்தம் கேட்டதும் நீ ரேடியோவைக் கூட்டி வச்சியே, படுபாவி. அப்பா திருநெல்வேலியில இருந்து திரும்புறதுக்குள்ள ஒட்டு வச்சு, புது ஆயில் ஊத்தி, காரைக் கழுவி, பட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். தப்பிச்சோம்னு இந்த நாப்பது வருஷமா நம்பினோம்.

இதுக்குத்தான் இந்தக் கடிதம்.

அப்பா கடைசி வரைக்கும் சொன்னது உனக்குத் தெரியும்: "இது கை வைக்காத எஞ்சின்." அதை நம்பி ராடுக்கும் கிராங்க்குக்கும் நடுவுல வர்ற பேரிங் ஷெல்லை ஸ்டாண்டர்டு சைஸ்ல கோயம்புத்தூர்ல சொல்லி வரவழைச்சு வச்சிருந்தேன். ஆசான் மூணாம் நம்பர் ஷெல்லைக் கையில எடுத்தார். ஈயப்பூச்சு தேஞ்சு செம்பு தெரிஞ்சது. திருப்பி, கட்டை விரலால கரியைத் தேச்சு, வெளிச்சத்துக்கு நீட்டினார். முதுகுல 010-ன்னு அடிச்சிருந்தது. "சாரே, இது பண்டே பணிஞ்ஞ எஞ்சினா"ன்னார். முன்னமே வேலை பார்த்த எஞ்சினாம்.

நாலும் அப்படியே. 010-ன்னா கிராங்க்கை அங்குலத்துல ஆயிரத்துல பத்து பங்கு அரைச்சு, அதுக்கு ஏத்த ஷெல் போட்டிருக்குன்னு அர்த்தம். அரைக்கணும்னா எஞ்சினை இறக்காம நடக்காது. யாரோ முழுசா இறக்கி, சுத்தமா வேலை பார்த்து, ராடு மூடியில புள்ளி குத்தி அடையாளமும் வச்சிருக்கான். "நல்ல கையுள்ளவன்"னு ஆசான் ரெண்டு தடவை சொன்னார்.

ராத்திரி படுத்துட்டே யோசிச்சேன். அந்த 86-ம் வருஷம் ஆடியில மூணு வாரம் கார் வீட்ல இல்ல. பெயிண்ட் அடிக்க விட்டிருக்குன்னார் அப்பா. நமக்கு அப்ப பயம், அதனால எதையும் கேட்கல. திரும்பி வந்தப்ப பின் கதவுல உன் சைக்கிள் கிழிச்ச கோடு அப்படியே இருந்தது. பெயிண்ட் அடிச்ச கார்ல பழைய கோடு எப்படிடே இருக்கும்?

காலையில அம்மாகிட்ட கேட்டேன். காதுல கத்தித்தான் கேட்டேன். "பெயிண்டுக்குத்தான் என் ரெண்டு வளையலைக் கொண்டுபோனாரு. அந்தப் பெயிண்டை நான் இன்னைக்கு வரைக்கும் பார்க்கல"ன்னுட்டு கீரை ஆயப் போயிட்டா.

அப்பா நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்கல. அதுக்குப் பிறகும் சாவியைக் கொடுத்தார் பாரு, அதுதான் எனக்கு ஆறல. நான் என் பயல் போட்ட ஒரு கீறலுக்கு அவன்கிட்ட ஒரு வாரம் பேசாம இருந்தவன். இன்னொண்ணு. உன் கல்யாணத்துக்குக் காரைக் கொடுக்கும்போது உன்னைக் கூப்பிட்டு, "சண்முகம், தேங்காய் எண்ணெய் வேண்டாம்டே"ன்னாரே. உன் முடி கொட்டுறதுக்குச் சொல்றார்னு நினைச்சு நீ வேற, "நல்லெண்ணெய்தான் மாமா தேய்க்கிறேன்"னே. அவர் சிரிச்ச சிரிப்பு இப்பத்தான் எனக்குப் புரியுது.

மிச்சத்தைச் சுருக்கமா சொல்லிருதேன். கிராங்க்கை மைக்ரோமீட்டர் வச்சுப் பார்த்ததுல வட்டம் குறையல, அப்பா செலவழிச்சது வீண் போகல. 010 ஷெல் கிடைக்க ஒன்பது நாள். ரிங் மாத்தி, ஹோன் போட்டு, சிலிண்டரை சோப்புத் தண்ணியில கழுவி மூட்டியாச்சு. வால்வு இடைவெளியைச் சரி பண்ண, அதான் டாப்பெட் வைக்க, ஆசான் ஒரு கணக்கு சொன்னார்: எட்டாவது வால்வு திறந்திருந்தா ஒண்ணாவதை வை, ஏழாவது திறந்திருந்தா ரெண்டாவதை வை, எப்பவும் கூட்டினா ஒன்பது வரணும். இந்தக் கணக்குல நீ கூட பாஸ் ஆவே. நாலாவது சுத்துல ஸ்டார்ட் ஆச்சு. புகை இல்ல, தட்டல் இல்ல. பின்னால ஆயில் ஒழுகல் மட்டும் இருக்கு. கிராங்க் கடைசியில சீலே வைக்காத எஞ்சின், ஒழுகலேன்னாத்தான் உள்ள ஆயில் இல்லேன்னு அர்த்தம்னு ஆசான் தீர்ப்பு. ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் மெதுவாத்தான் ஓட்டணும், மலை ஏத்தக் கூடாது. இதுவரைக்கும் இலஞ்சி வரைக்கும்தான் போயிருக்கேன்.

ஆடி கழிஞ்சதும் வா. ஆரியங்காவு வரைக்கும் போவோம். நீ ஓட்ட வேண்டாம்.

மூணாம் நம்பர் பழைய ஷெல்லை இந்தக் கவருக்குள்ளேயே துணியில சுத்தி வச்சிருக்கேன். முதுகைத் திருப்பிப் பாரு. மதினி என்னன்னு கேட்டா, சோப்புல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் நீயே சொல்லிரு.

உன்,
கணேசன்