எதிர்வீட்டு சூப்பும் உன் வயிறும்

அன்புள்ள வாயாடிக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். நடுவில் ஒரு பெரிய ஏப்பம், அப்புறம் "ஒண்ணுமில்லடி, கேஸ்தான்" என்று ஒரு சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே எல்லோரும் நலம், பெரியவனுக்குப் பரீட்சை முடிந்தது, மாமியார் ஊருக்குப் போயிருக்கிறார். அவ்வளவுதான் செய்தி. இனி உன் வயிற்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எதிர்வீட்டு கேன்டனீஸ் பாட்டியை, தெற்குச் சீனாக்காரரை, அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க மண்சட்டியில் ஏதாவது ஒரு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். எனக்கு அவரிடம் பிடித்த விஷயம், வயிறு சரியில்லை என்றால் உடனே கிண்ணத்தை நீட்டமாட்டார். பசிக்கிறதா, சாப்பிட்டதும் உப்புகிறதா, எரிகிறதா, போவது இளக்கமா இறுக்கமா, வெந்நீர் இதமாக இருக்கிறதா என்று எல்லாம் கேட்ட பிறகுதான் எந்தச் சூப் என்று முடிவு செய்வார். நம் ஹாஸ்டலில் தலைவலி, வயிற்றுவலி, காதல் தோல்வி எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம் கொடுத்த மெஸ் அக்காவை நினைத்துக்கொண்டேன்.

அவர் அடிக்கடி வைப்பது ஸி ஷென் தாங் என்கிற சூப். தாமரை விதை, ஹுவாய் ஷான் என்கிற வள்ளிக்கிழங்கு வற்றல், பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் என்ற பூஞ்சை, சியென் ஷி என்கிற பருப்பு, இந்த நான்கும்தான் அடிப்படை. சியென் ஷி வேறொன்றும் இல்லை, நீ ஸ்நாக்ஸ் என்று கொறிக்கிற மக்கானா வருகிற அதே நீர்ச்செடியின் பருப்பு, பொரிக்காதது. உங்கள் ஊர்க் கடையில் மக்கானாவையே தாமரை விதை என்று விற்பார்கள், ஏமாறாதே, இரண்டும் வேறு செடி. தாமரை விதைக்கு நடுவில் பச்சையாக ஒரு முளை இருக்கும், அதை எடுக்காவிட்டால் சூப் கசக்கும். ஊறவைத்து, கோழியோ பன்றி எலும்போ போட்டு, சிறுதீயில் இரண்டு மணி நேரம், உப்பு கடைசியில்தான். தைவானில் பன்றிக்குடல் சேர்த்து, குடிக்கும்போது மூலிகை ஊறிய அரிசி மது சில சொட்டு விடுவார்களாம். நான் இறைச்சி இல்லாமல்தான் வைக்கிறேன், வெண்மையாக, லேசாக மாவு வாசனையோடு, அத்தனை இதமாக இருக்கிறது.

ஆனால் அடியே, இது உனக்கு இல்லை. அடிக்கடி வயிறு இளகும், பசியே எடுக்காது என்கிற உன் தங்கைக்குச் சரிப்படும். சியென் ஷி கட்டுகிற குணமுள்ளது என்பார்கள், உனக்கு இருக்கிற மலச்சிக்கலில் அது வேண்டவே வேண்டாம். மிளகு போட்ட பன்றி இரைப்பை சூப் என்று இன்னொன்று, ஹக்கா, தியோச்சூ என்கிற தெற்குச் சீன மக்கள் குளிர்ந்த வயிற்றைச் சூடாக்க வெள்ளை மிளகைத் தட்டி வைப்பது. உன் அம்மாவின் மிளகு ரசத்துக்குத் தூரத்து உறவு மாதிரி. எரிகிற வயிற்றுக்குப் பாட்டி அதைக் கண்ணில்கூடக் காட்டமாட்டார். நீ தினமும் ராத்திரி அந்த ரசத்தைக் குடித்துவிட்டு உடனே படுக்கிறாய் இல்லையா, முதலில் அதை நிறுத்து.

எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டு உப்பிய நாளில் முள்ளங்கி சூப்பில் சென்பி போடுவார். காய்ந்த ஆரஞ்சுத் தோல்தான், தெற்குச் சீனாவின் குவாங்தோங் மாகாணத்தில் சின்ஹுயி ஊர்த் தோல் பேர்போனது, குறைந்தது 3 வருடம் பழையதாக இருக்கவேண்டும், பழசாக ஆக விலை ஏறும். உனக்கு அவர் சொன்னது ஹுவாய் ஷான் போட்டுக் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி. காரம் இல்லாமல், கொஞ்சமாக, படுப்பதற்கு நன்றாக முன்னால்.

இதையெல்லாம் ஆசையாக எழுதிவிட்டேன், இப்போது சிரிக்காமல் கேள். 7ஆம் நூற்றாண்டில் சுன் ஸிமியாவ் என்ற சீன வைத்தியர், முதலில் உணவால் சரிசெய், அதில் ஆகாவிட்டால் மருந்துக்குப் போ என்று எழுதிவைத்தார். நீ அந்த இரண்டாம் பாதியில் நிற்கிறாய். வயிற்றுக்கென்று எத்தனை மாதமாக அந்த மாத்திரையைப் போடுகிறாய்? எழுதிக் கொடுத்தது யார் என்றால் மெடிக்கல் ஷாப்காரர் என்கிறாய். வயிற்றுப்புண்ணில் நிறைய ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவால் வருவது. அதை நிரூபிக்க 1984இல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் அந்தக் கிருமியையே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார், 2005இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் கிடைத்தது. அந்தக் கிருமி இருந்தால் எந்தச் சூப்பாலும் போகாது, டாக்டர் எழுதித்தரும் ஆன்டிபயாடிக்கை 10, 14 நாள் விடாமல் சாப்பிட்டால்தான் போகும். இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ தெரிந்துவிடும், குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கிற எண்டோஸ்கோபி என்றாலும் பயப்படாதே.

நீ மெலிந்துபோனதாகத் தங்கை சொல்கிறாள். டயட் எதுவும் இல்லாமல் மெலிந்தால் அது கேஸ் இல்லையடி. மலம் கறுத்துப் போகிறதா என்று பார், அப்படியென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, ஒரு நாளும் தள்ளாதே.

மாமியார் உன் ஊர் வழியாக வருவது இங்கே திரும்பும்போதுதான் என்பதால் அவரிடம் எதையும் கொடுத்தனுப்ப வழியில்லை, அடுத்த மாதம் என் நாத்தனார் வரும்போது ஹுவாய் ஷான் ஒரு பாக்கெட் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் டாக்டரைப் பார்த்திருக்கவேண்டும். எந்தத் தேதி, எந்த டாக்டர் என்று இந்த வாரமே எழுது. எழுதவில்லை என்றால் உன் அம்மாவுக்கே போன் போடுவேன்.

உன்
நெட்டச்சி