விண்டோஸ் இல்லாமல் விற்ற லேப்டாப்புக்கு லினக்ஸைக் காரணம் காட்டி வாரண்ட்டி மறுப்பது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கம்பெனி லேப்டாப் வாங்கி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை, அதற்குள் சார்ஜர் பின் செருகும் இடம் லூஸாகிவிட்டது. பின்னை இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் சார்ஜ் ஏறுகிறது. கையை எடுத்தால் விளக்கு அணைந்துவிடுகிறது. வாரண்ட்டிதான் இருக்கிறதே என்று திருச்சியில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனேன்.

அங்கிருந்தவர் மெஷினை ஆன் செய்தார். நான் போட்டிருந்த உபுண்டு வந்தது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் வகை இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) அது. அவ்வளவுதான், சார்ஜரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "லினக்ஸ் போட்டிருக்கீங்க சார், வாரண்ட்டி வராது. விண்டோஸ் போட்டுக் கொண்டாங்க. இல்லைன்னா நாங்களே போட்டுத் தர்றோம், அதுக்குத் தனிக் காசு" என்றார். டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடுமே என்றதற்கு, அதற்கு அவர்கள் பொறுப்பில்லையாம்.

நீங்கள் கொடுத்த பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற இடத்தில் 'ஃப்ரீடாஸ்' என்று இருக்கிறது, அதாவது கட்டளைகளை டைப் செய்து ஓட்டும் பழைய பாணி இலவச ஓஎஸ். விண்டோஸ் உள்ள மாடலைவிட விலை குறைவு என்று உங்கள் ஷோரூம்காரரே சொல்லி விற்றது இது. முதல் நாள் ஆன் செய்தால் கறுப்புத் திரையும் ஒரு கட்டளை வரியும்தான் வரும். வைஃபை கிடையாது, பிரவுசர் கிடையாது. இதை வாங்குபவர் ஏதோ ஒரு ஓஎஸ் போடத்தான் செய்வார் என்று உங்களுக்குத் தெரியாதா?

இன்னொரு வேடிக்கை. மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் உள் மென்பொருளுக்கு முன்பு பயாஸ் என்று பெயர், இப்போது யூஇஎஃப்ஐ. புது லேப்டாப்புகளின் யூஇஎஃப்ஐயில் பழைய பயாஸ் வசதி பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால் ஃப்ரீடாஸ் அதில் நேரடியாக ஓடாது. நீங்கள் அனுப்பிய டிஸ்கைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு குட்டி லினக்ஸ், அதன் மேல் ஒரு எமுலேட்டர் (பழைய கம்ப்யூட்டர் போல நடிக்கும் மென்பொருள்), அதற்குள்தான் ஃப்ரீடாஸ். ஆக, இந்த மெஷினில் முதலில் லினக்ஸ் போட்டது நீங்கள். நான் போட்டது எமுலேட்டர் எதுவும் இல்லாமல் நேரடியாக ஓடுகிறது, அதுதான் வித்தியாசம். பயாஸ் செட்டிங் (யூஇஎஃப்ஐ செட்டிங்கைத்தான் இன்னும் அப்படிச் சொல்கிறோம்) எதையும் நான் மாற்றவில்லை. உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் பூட் லோடருக்கு மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பமே இருப்பதால், கையொப்பம் இல்லாத ஓஎஸ்ஸைத் தடுக்கும் செக்யூர் பூட்டைக்கூட அணைக்க வேண்டியிருக்கவில்லை.

சார்ஜ் பிரச்சினைக்கு வருகிறேன். மெஷினை ஆன் செய்து நேராக பயாஸ் திரைக்குப் போய், அங்கேயே நின்று பின்னை அசைத்துப் பார்த்தேன். அப்போதும் விளக்கு அணைகிறது. அந்தத் திரையில் லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. டிஸ்கிலிருந்து எதுவுமே இன்னும் ஏறியிருக்காது. மெஷினை முழுக்க ஆஃப் செய்துவிட்டுப் பார்த்தாலும் அதே கதைதான். வீடியோ எடுத்து இணைத்திருக்கிறேன். விண்டோஸ் போட்டால் லூஸான பின் எப்படி இறுகும் என்று உங்கள் டெக்னீஷியன் விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

சோதிக்க விண்டோஸ் வேண்டும் என்றால் அதற்கும் நான் தடை சொல்லவில்லை. என் எஸ்எஸ்டியை, அதாவது டிஸ்கை, கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உங்களுடையதை மாட்டிப் பாருங்கள். அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. இதை அங்கேயே சொன்னேன், "அப்படிச் செய்ய எங்களுக்கு ஆர்டர் இல்லை" என்றார்கள்.

வாரண்ட்டி கார்டை வரி வரியாகப் படித்துவிட்டேன். சாஃப்ட்வேரால் வரும் கோளாறுக்குப் பொறுப்பில்லை என்று இருக்கிறது, சரி. வேறு ஓஎஸ் போட்டால் ஹார்டுவேர் வாரண்ட்டி போய்விடும் என்று எங்கும் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளிலேயே விண்டோஸோடு, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் (BOSS) லினக்ஸும் போட்டுத்தான் வந்தது. இந்த ஊரில் லினக்ஸ் ஒன்றும் யாரும் கேள்விப்படாத வஸ்து அல்ல.

ஆகவே, சார்ஜிங் போர்ட்டைக் கட்டணமில்லாமல், டிஸ்கைத் தொடாமல் சரிசெய்து தர வேண்டும். முடியாது என்றால், வாரண்ட்டியின் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தர வேண்டும். அன்று கேட்டும் மெஷினைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்ததற்கான ஜாப் ஷீட் கூடத் தரவில்லை. இந்த ஓஎஸ் நிபந்தனையை உங்கள் சர்வீஸ் சென்டர்களுக்குச் சொன்னது யார் என்பதையும் தெரிவியுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அப்புறம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வாரண்ட்டி கார்டு நகல், வீடியோ