அந்தப் பிள்ளையைக் கலயத்திலிருந்து விடுங்கள்

தொடர் எழுதுகிறவர்களுக்கும் ஒளிபரப்புகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள கதாசிரியர், வசனம் எழுதுபவர், இயக்குநர், அப்புறம் இதை இரவு ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கிற நிலையத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, கொள்ளிடத்தின் தென்கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தொடரை முதல் நாளிலிருந்து ஒருநாள் விடாமல் பார்க்கிறவள். பேய்க்கதையே காட்டாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. செத்தவர்களைக் கண்ணால் பார்க்கிற பெண் ஒருத்தி, அவர்கள் மனசில் நிற்கும் குறையைக் கேட்டுத் தீர்த்து வழியனுப்பி வைக்கிறாள் என்ற கதையே எனக்குப் பிடித்திருந்தது. தன் வெற்றிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்த தாத்தாவை நினைவிருக்கும் உங்களுக்கு. மருமகள் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் அவர் படத்துக்கு முன்னால் வைத்ததும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனாரே, அன்றைக்கு எங்கள் தெருவில் அழாத ஆள் இல்லை. மறுநாள் காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தாத்தாவை அப்படி அனுப்பிவைத்த நீங்கள், ஆற்றில் மூழ்கிச் செத்த பையனை என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடச் சீருடையில், உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட, இரவில் படித்துறையில் வந்து நின்றான். குளிக்க வந்த பிள்ளைகளின் காலைப் பிடித்து இழுத்தான். மந்திரவாதி வந்து அவனைக் கலயத்தில் அடைத்துப் புளியமரத்தடியில் புதைத்தார். பெற்றவளைப் பார்த்து, "உன் கண்ணீர்தான் அவனை இங்கே கட்டிப்போட்டிருக்கு" என்றார். ஒரு மாதமாகப் பையன் கலயத்துக்குள்தான் இருக்கிறான். வரும் வாரம் கலயம் உடையப்போகிறது என்று, அவன் கண்ணைச் சிவப்பாகக் காட்டி முன்னோட்டம் போடுகிறீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். கலயம் உடையும்போது அந்தப் பிள்ளைக்கு நல்ல வழி காட்டி அனுப்பிவையுங்கள். பழிவாங்க அனுப்பாதீர்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பெரியம்மா மகள் ஒருத்தி இருக்கிறாள். மூன்று வீடு தள்ளித்தான் வீடு. போன வருஷம் ஆவணியில் அவளுடைய பதினோரு வயசுப் பையன் கொள்ளிடத்தில் போய்விட்டான். மூன்றாம் நாள்தான், வெகுதூரம் தள்ளி, நாணலில் சிக்கிக் கிடைத்தான். ஆஸ்பத்திரியில் அறுத்துத் துணியில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வேப்பமரத்தடியில் பத்து நிமிஷம் வைத்துவிட்டு எடுத்துப் போனார்கள். முகத்தைப் பார்க்கிற மாதிரி இல்லை என்று அக்காவைக் கிட்டவே விடவில்லை. பார்க்க வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி.

அதற்கப்புறம் மெல்ல மெல்லத் தேறி வந்தாள். நாலு மாதம் கழித்து நடவுக்குப் போனாள். பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டாள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து உங்கள் தொடரைப் பார்ப்பாள். அந்தத் தாத்தா கதையைப் பார்த்துவிட்டு, "நம்ம புள்ளயும் இப்படித்தான் போயிருப்பான்ல?" என்று கேட்டாள். ஆமாம்க்கா என்றேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியதாக மறுநாள் அவளே சொன்னாள்.

அடுத்து நீங்கள் எடுத்துக்கொண்டது ஆற்றில் செத்த பையனின் கதை.

பையன் படித்துறையில் நனைந்துபோய் நின்ற காட்சி வந்ததும் தொலைக்காட்சியை அணைக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். மந்திரவாதி பேசியது அப்போது அவள் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. "ஈரத்தோட நிக்கிறானேடீ. துவட்டிக்க யாரும் ஒரு துண்டு குடுக்க மாட்டாங்களா?" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து ராத்திரியானால் கொல்லைப்புறக் கொடியில் ஒரு துண்டைக் காயப்போடுகிறாள். நீலக் கோடு போட்ட பருத்தித் துண்டு, அவன் பள்ளிக்கூடத்துக்குச் சோற்று வாளி சுற்றிக்கொண்டு போனது. கொல்லைக் கதவைத் தாழ் போடுவதில்லை. விடிந்ததும் போய்த் தொட்டுப் பார்க்கிறாள். ஆற்றங்கரை ஊரில், விடியற்காலையில் வெளியே கிடக்கிற துணி பனியில் நனையாமல் என்ன செய்யும்? "ஈரமா இருக்கு பாரு, வந்து துவட்டிட்டுப் போயிருக்கான்" என்று என் கையைப் பிடித்து அதில் வைக்கிறாள். பனிக்கா அது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். என்னை அவள் பார்த்த பார்வைக்குப் பிறகு மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் அழுவதையும் நிறுத்திவிட்டாள். அழுதால் அவனைக் கட்டிப்போட்டுவிடுவோம் என்று பயம். பெற்ற பிள்ளைக்காக அழுகிற உரிமையையும் ஒரு வசனத்தில் பிடுங்கிக்கொண்டீர்கள் ஐயா.

தெருவிலும் நிலைமை மாறிவிட்டது. அவன் போன பிறகும் அவன் கூட்டாளிகள் நாலைந்து பேர் அக்கா வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அவளும் அவர்களுக்காகவே முறுக்கு சுட்டு வைப்பாள். இப்போது யாரும் வருவதில்லை. அதில் ஒரு பிள்ளை, ஏழு வயசு இருக்கும், தெருவில் வைத்தே கேட்டுவிட்டான்: "பெரியம்மா, ஒங்க வீட்டு அண்ணன் எங்க காலப் புடிச்சு இழுக்குமாமே?" அவன் அம்மா வாயைப் பொத்தி இழுத்துப்போனாள். குழந்தை மேல் என்ன தப்பு? முதல்நாள் ராத்திரி நீங்கள் காட்டியதை அவன் கேட்டான். குறி சொல்கிறவர் ஒருவர் தானாகவே தேடி வந்து, கலயம் கட்டிப் புதைக்கப் பதினெட்டாயிரம் ஆகும் என்றார். அத்தான் அவரைத் திட்டி அனுப்பிவிட்டார். ஆனால் அக்கா அந்த ஆளின் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

பையனை இழுத்தது எது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மணல் அள்ளிய குழி. கோடையில் பார்த்தால் ஆற்றின் நடுவே ஆள் ஆழத்துக்குப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கும். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் காவிரிக்குப் போக மிச்சத் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டால் எல்லாக் குழியும் மூடி மேலே ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் தண்ணீர் என்று நினைத்து நடக்கிற பிள்ளை அடுத்த அடியில் காணாமல் போய்விடும். அதற்குள்ளே சுழலும் இருக்கும். எங்கள் பிள்ளைகள் பயப்பட வேண்டியது அந்தக் குழிக்கு. உங்கள் கதையில் குழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழி வெட்டியவனை விட்டுவிட்டுக் குழியில் விழுந்து செத்த பிள்ளை மேல் கொலைப்பழி போட்டீர்கள். இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அகால மரணம் என்றால் அலைகிற பேய்தான் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? எங்கள் பக்கத்து வழக்கம் அது கிடையாது. கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னி தெய்வம் என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுகிறோம். பாவாடை, சட்டை, வளையல் வாங்கி வைத்துப் படைக்கிறோம். வெட்டுப்பட்டுச் செத்தவன் பட்டவன் சாமி ஆகி ஊரைக் காக்கிறான். அநியாயமாகப் போன உயிரிடம் மன்னிப்புக் கேட்டு, சோறு போட்டு, துணி எடுத்து வைத்து, நம்மோடு வைத்துக்கொள்வதுதான் இந்த மண்ணில் பழக்கம். எமனுக்கே தனிச் சன்னதி இருக்கிற ஸ்ரீவாஞ்சியம் எங்களுக்குப் பக்கம்தான். உயிரெடுக்கிற தொழிலால் வந்த பாவத்தைத் தீர்க்க எமனே வந்து கும்பிட்டு நின்ற இடம் என்று அங்கே தலபுராணம். திருக்கடையூரில் பதினாறு வயசுப் பிள்ளைக்காகச் சாமியே எமனைக் காலால் உதைத்ததாகக் கதை. பிள்ளையைக் கலயத்தில் அடைத்த கதையை இந்த ஊர்களில் நான் கேட்டதில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். முகம் பார்க்காமல், சடங்கு செய்யாமல் புதைத்தால் ஆவி அடங்காது என்று மந்திரவாதி வாயால் சொல்லவைத்தீர்கள். 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கடலுக்குப் பலியானார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் யார் பிள்ளை எது என்று அடையாளம் தெரியாமலே பெரிய குழி வெட்டி ஒன்றாகப் போட்டு மூடினார்கள். வாய்க்கரிசி இல்லை, பால் தெளிப்பு இல்லை, சங்கு ஊத ஆள் இல்லை. அதே வருஷம் ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். எது தன் பிள்ளை என்று தெரியாமல் தவித்த பெற்றோர் அங்கேயும் உண்டு. அந்தத் தாய்மாரெல்லாம் இன்றும் இந்த டெல்டாவில்தான் இருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டிலும் டிவி ஓடுகிறது. அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று தெரிந்துதான் சொன்னீர்களா?

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொடர்களில் வருகிற சாவு வீட்டை எந்த ஊரில் பார்த்தீர்கள்? எல்லோரும் சலவை செய்த வெள்ளைப் புடவையில் சுவரோரமாக நிற்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் உயிர் போனால் பாடை எடுக்கும்வரை தெருவிலேயே அடுப்பு எரியாது. பக்கத்துத் தெருக்காரி அண்டா நிறையக் காப்பி போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். வரப்பில் ஆள் நடக்க இடமில்லாமல் நெல் நிற்கிற காலத்தில், பயிருக்குள் இறங்கிச் சேற்றில் கால் புதையப் பாடை தூக்கிப்போவார்கள். வயல்காரன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். சாவை நாங்கள் தனியாகத் தூக்கியதே இல்லை. உங்கள் தொடரில் மட்டும்தான் அந்தத் தாய் மந்திரவாதியோடு தனியாக நிற்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திரையில் ஓடிய எண்ணுக்கு மூன்று தடவை பேசினேன். கடைசியாகப் பேசிய பெண் மரியாதையாகவே பேசினாள். "கற்பனைன்னு ஆரம்பத்துலயே போடுறோமே மேடம்" என்றாள். போடுகிறீர்கள். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் ஓடிவிடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற அக்காவுக்கு அதில் ஒரு சொல்கூடத் தேறாது. அப்புறம் எழுத்து மூலமாகவும் புகார் அனுப்பினேன். மூடநம்பிக்கையை ஊக்குவிக்கிற நிகழ்ச்சி கூடாது என்று 1994-ஆம் வருஷத்துக் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6-ஆவது விதி சொல்கிறது. 2021-இல் வந்த திருத்தத்தின்படி பார்வையாளர் புகாருக்கு 15 நாளுக்குள் நிலையம் முடிவு சொல்ல வேண்டும். இன்றோடு 21 நாள் ஆகிறது. எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. நடுவில் ஞாயிற்றுக்கிழமை மறுஒளிபரப்பில் அதே காட்சியை மறுபடியும் போட்டீர்கள்.

அடுத்த படிக்கு எழுதத் தெரியும். ஆனால் அதற்கெல்லாம் நாளாகும். கலயம் உடைவதோ வரும் வியாழக்கிழமை. அதனால் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு மனுஷத்தன்மையோடு கேட்கிறேன். படம் பிடித்து முடித்திருப்பீர்கள், தெரியும். குரல் சேர்க்கும்போது நாலு வரி மாற்ற முடியும் அல்லவா? உங்கள் கதாநாயகி அந்தப் பையனிடம், நீ யாரையும் இழுக்கவில்லை, குழிதான் இழுத்தது என்று சொல்லட்டும். அவன் தாயிடம், நீ அழலாம் என்று சொல்லட்டும். முடிந்தால் அவன் தலையை யாராவது ஒரு துண்டால் துவட்டிவிடட்டும். தாத்தாவை அனுப்பிய மாதிரி அவனையும் அனுப்பிவையுங்கள்.

ஆடி அமாவாசைக்கு அக்காவைப் பூம்புகாருக்குக் கூட்டிப்போய், காவிரி கடலில் கலக்கிற இடத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரலாம் என்றிருந்தோம். இப்போது தண்ணீர்ப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். வியாழக்கிழமை எப்படியாவது பேசி அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். ஒன்பது மணிக்கு உங்கள் தொடரைப் போடுவேன். தயவுசெய்து என்னைப் பாதியில் அணைக்க வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கொள்ளிடக்கரையிலிருந்து
உங்கள் பார்வையாளர் ஒருத்தி