உமிச்சாம்பலில் ஓர் ஊக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் நெல் ஆலைகளின் பின்புறம் குவியும் உமிச்சாம்பலைக் கண்ணில் விழும் தூசாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா என்பதையும், கந்தகம் கொண்ட சேதனச் சேர்வைகளைச் சூழலுக்கு ஊறின்றி ஒட்சியேற்றும் திண்ம ஊக்கிகளை (தாம் செலவாகாமல் இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள்களை) அந்தச் சிலிக்காவின் மீதே ஆக்கலாம் என்பதையும், அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

டீசலிலுள்ள கந்தகத்தை ஐதரசனால் நீக்கும் வழமையான முறைக்கு 300 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் உயர் அமுக்கமும் வேண்டும். அப்போதும் இருபென்சோதயோபீன் எனப்படும் பருத்த கந்தகச் சேர்வை வகைகள் எளிதில் மசிவதில்லை. தக்க ஊக்கியோடு ஐதரசன் பேரொட்சைட்டை இட்டால், அவை 60 பாகையளவில், சாதாரண அமுக்கத்திலேயே சல்போனாக, அதாவது கந்தகத்தில் ஒட்சிசன் ஏறிய சேர்வையாக, மாறிக் கரைப்பானால் பிரித்தெடுக்கத் தக்கனவாகின்றன. பேரொட்சைட்டு விட்டுச்செல்வது நீர் மட்டுமே.

பழைய ஒட்சியேற்றிகள் எதை விட்டுச்செல்லும் என்பதைக் கண்டிருக்கிறேன். நான் முன்பு கற்பித்த பாடசாலையொன்றில் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் ஊற்றிய பரமங்கனேற்றுக் கரைசல், ஊதா நிறம் மங்கி, மாரி மழைக்கும் போகாத கபிலக் கறையாக மணலில் கிடந்தது. குடிநீர்க் கிணறு அங்கிருந்து 20 அடி.

திண்ம ஊக்கியையோ வடித்துக் கழுவி உலர்த்தி மறுபடி இடலாம். தைத்தேனியம் என்னும் உலோகத்தைச் சிலிக்காச் சட்டகத்தில் பொருத்திய ஊக்கி 1980களிலேயே வந்துவிட்டது. ஆயினும் அதன் நுண்துளைகள் ஏறத்தாழ 0.55 நனோமீற்றர் அகலமே உடையவையாதலால் டீசலின் பருத்த கந்தக மூலக்கூறுகள் உள்ளே நுழையா. அகன்ற துளையுள்ள சிலிக்காவை உமிச்சாம்பலிலிருந்து ஆக்க முடியும். தைத்தேனியக் கனியங்களோ கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டை மணலிலேயே உண்டு. (மணல் அகழ்வு பற்றிய கவலைகள் தனிக் கடிதத்துக்குரியவை.)

ஊக்கியை ஐந்து முறை பயன்படுத்தியும் விளைவு (கிடைக்கும் விளைபொருளின் அளவு) குறையவில்லை என்று எழுதிவிடுவது எளிது. தாக்கம் முற்றுப்பெற்ற பின் மட்டும் அளந்தால், பாதி சோர்ந்த ஊக்கியும் முழு விளைவைக் காட்டிவிடும். ஆகவே பாதி வழியிலும் அளக்க வேண்டும். சூட்டோடு ஊக்கியை வடித்தெடுத்த பின்னும் வடிதிரவத்தில் தாக்கம் தொடருமாயின், உலோகம் கரைந்து வெளியேறியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்; அந்த உலோகம் முடிவில் சேருமிடமும் நம் கிணறுதான்.

இறுதியாண்டு மாணவர் இருவருக்கு இதை ஆய்வுத் திட்டமாகக் கொடுக்கலாம். கடுஞ்சூட்டில் எரிந்த சாம்பலில் சிலிக்கா பளிங்காகி இறுகிவிடுமாதலால், முதலில் ஆலைச் சாம்பலோடு, 600 பாகையளவில் தாமே எரித்த உமியின் சாம்பலையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

இங்ஙனம்,
உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்,
கிளிநொச்சி.