பேசாமல் இருப்பவர்களுக்கு வேறு அறிவுரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலைவாய்ப்புப் பக்கங்களில் "கூச்சத்தை விடுங்கள், நாலு பேரிடம் கலகலவென்று பழகுங்கள்" என்ற அறிவுரை ஓயாமல் வருகிறது. அதிகம் பேசாத இயல்புள்ள பலருக்குக் கூச்சமே கிடையாது. முன்பின் தெரியாத இருபது பேரிடம் வரிசையாகப் பேசினால் களைத்துப்போவார்கள், அவ்வளவுதான். கூட்டத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதைச் சொல்லித்தந்தால் அவர்களுக்கு உதவும்.

கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரல் வந்ததும் இரண்டு அல்லது மூன்று பேரை மட்டும் தேர்ந்துகொள்ளலாம். தலைமை உரையாற்றுபவர் வேண்டாம். மேடையை விட்டு இறங்கியதும் அவரைப் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். சிறிய அமர்வில் பேசுபவருக்கோ கேள்வி கேட்க ஆள் கிடைப்பதே அரிது. அரங்குக்கு அரை மணி முன்னதாகப் போவது நல்லது. அப்போது ஆங்காங்கே தனித்தனியாக நிற்பார்கள், பேச்சுக் கொடுப்பது எளிது. வட்டம் கூடிவிட்ட பிறகு உள்ளே நுழைவது யாருக்கும் கடினம். பதிவு மேசையில் உதவ முன்வந்தால் இன்னும் வசதி: வருபவர்களே வந்து பேசுவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டாலும் குற்றமில்லை. ஒவ்வொரு பேச்சும் முடிந்தவுடன், அவர் சொன்ன ஒரு சிக்கலைக் கைபேசியில் ஒரு வரி குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அந்த வரிதான் கைகொடுக்கும்.

இரண்டு நாளுக்குள் எழுத வேண்டிய மடல் இப்படி இருக்கலாம்: "வணக்கம். நேற்றைய அமர்வில், பழைய தரவுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றியபோது தேதிகள் குழம்பியதாகச் சொன்னீர்கள். அதைச் சரிபார்க்க நாங்கள் பயன்படுத்தும் பட்டியலை இணைத்துள்ளேன். பதில் எழுத வேண்டியதில்லை." எங்கே பார்த்தோம், அவர் என்ன சொன்னார், அவருக்கு என்ன பயன் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன.

"ஹாய் சார்" என்று அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வீண். முதல் மடலிலேயே சுயவிவரக் குறிப்பை இணைத்தால் அது கோரிக்கை மனுவாகிவிடும். "நேரம் கிடைக்கும்போது பேசலாமா?" என்பதும் பலிக்காது, நாள், பொருள், நேர அளவு எல்லாவற்றையும் எதிராளியே முடிவுசெய்ய வேண்டியிருப்பதால் தள்ளிப்போடுவார். "செவ்வாய் அல்லது வியாழன், 15 நிமிடம், இந்த இரண்டு கேள்விகள்" என்று கேட்டால் சரி என்றோ இல்லை என்றோ உடனே சொல்லிவிடலாம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும். மௌனத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பெரும்பாலும் மடல் அடியில் போயிருக்கும். அமைதியானவர்கள் வழக்கமாகச் சறுக்குவது வேறிடத்தில்: மடலைத் திருத்தித் திருத்தியே பத்து நாளைக் கடத்திவிடுவார்கள்.

தினமும் பழகினால்தான் தொடர்பு நிலைக்கும் என்பதும் சரியல்ல. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரின் விவரம் இருக்கிறது. உதவியவரை வாரம் இருமுறையாவது சந்தித்துவந்தவர்கள் சுமார் 17 சதவீதமே. ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ சந்தித்தவர்கள் சுமார் 28 சதவீதம். மற்றவர்கள் எப்போதாவது சந்தித்தவர்கள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச்செய்தி தூரத்து ஆளிடமிருந்துதான் வரும். 54 பேர் என்பது சிறிய கணக்குதான். ஆனால் 2022இல், பணித்தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன் பயனர்கள் சுமார் 2 கோடிப் பேரை வைத்து வெளிவந்த ஆய்விலும் ஓரளவு தளர்வான தொடர்புகளே வேலைமாற்றத்துக்கு அதிகம் உதவியது தெரிந்தது. மிகமிகத் தளர்ந்தவை அந்த அளவுக்கு உதவவில்லை. ஆகவே ஆயிரம் பேரைச் சும்மா சேர்த்துவைப்பதில் பெரிய பலனில்லை.

முப்பது பெயர்கள் போதும். பெயர், கடைசியாகப் பேசிய நாள், பேசிய விஷயம் என மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை. வாரம் இருவருக்கு எழுதினால் 15 வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு மூன்று மடல் போய்விடும்.

கருத்தரங்கு நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருபவர் பட்டியலை, அவரவர் சம்மதத்துடன், ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். பெயரட்டையில் பதவிக்குப் பதிலாக "இப்போது செய்துகொண்டிருப்பது" என்று ஒரு வரி அச்சிடுங்கள். தேநீர் இடைவேளையில் எல்லோரையும் ஒரே கூடத்தில் நிற்கவைக்காமல், ஐந்தாறு பேர் உட்காரும் மேசைகளைப் போடுங்கள்.

இப்படிக்கு,
பணி வழிகாட்டுப் பயிற்றுநர்கள் இருவர்